கலையாத பந்தி

குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, ஒருவரும் கை வைக்கக் காணோம். இவர்களுக்கு என்ன வந்தது என்று தணிகாசலம் சுற்றிலும் பார்த்தார். தாழ்ந்த மேசையின் நடுவில் கேஸ் அடுப்பு, அதன்மேல் அகலப் பாத்திரம், அதில் நண்டும் சிப்பியும் அவருக்குப் பெயர் தெரியாத ஒரு மீனும் சிவப்புச் சாற்றில் புரண்டுகொண்டிருந்தன. மொழிப் பயிற்சி நிலையத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு. ஒரு மூடியும் திறக்கவில்லை. வெளியே தென்கொரியாவின் சாங்வோன் நகரத்துக் குளிர் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்க, உள்ளே தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் அவரை இட்லி மாதிரி வேகவைத்துக்கொண்டிருந்தன. சாப்பிடுங்கப்பா, சீக்கிரம் ஆரம்பியுங்கள், நீங்கள் இரண்டு வாய் உள்ளே தள்ளினால்தான் நான் பேச முடியும், காலி வயிற்றோடு இருப்பவனிடம் நியாயம் பேசக் கூடாது, அது அவருக்கு முப்பது வருஷப் பாடம். அம்பத்தூரில் கதவடைப்பு நடந்தபோது ஆலை வாசலில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கடைசித் தொழிலாளி குடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தணிகாசலம் தன் டம்ளரை நீட்டுவார், சில நாள் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கொடுப்பார்கள், சில நாள் அதுவும் இராது. தலைவன் கடைசியில் சாப்பிடுகிறவன். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, பள்ளிக்கூடம் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை, பாடியில் ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலை பார்த்தபோது மை காயாத துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் அவர் உலகத்தைத் தெரிந்துகொண்டார், எம்.ஏ. பட்டம் பிற்பாடு தபால் வழியில் வந்தது, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது மனைவி சுலோச்சனா, அவரில்லை. ஆகவே அவர் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். குழம்பு பொங்கி விளிம்பில் வழிந்து அடுப்பில் சொய்யென்றது.

விலா எலும்புக்குள் பறை அடித்தது. இதுதான், இந்த அடி, இதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. மைக்கைக் கையில் வாங்குவதற்கு முன்னால், ஒலிபெருக்கிக்காரன் "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்றால் கேட்கும் அதே அடி. செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தார். ஊரில் தொழிற்சங்கத்துப் பிள்ளைகள் அவரைச் செயற்குழுவிலிருந்து ஆலோசகர் என்ற நாற்காலிக்கு மாற்றி, அப்புறம் அந்த நாற்காலியையும் எடுத்துவிட்ட நாளில் செத்தது. "அண்ணன் காலத்து ஸ்டைல் இப்ப எடுபடாதுண்ணே" என்று சொன்னவன் முகத்தை அவர் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டார், அவனுக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். போகட்டும். இன்று பேசப் போகிறேன். கொரிய மொழியில் பேசப் போகிறேன், அடேய், கேளுங்கடா, கொரிய மொழியில். வாக்கியங்கள் நாக்கின் அடியில் வரிசையாக நின்றன. சொஹீயின் வேலையை எடுக்காதீர்கள். அவள் பிள்ளை பெற்றுக்கொண்டு திரும்பி வருவாள். அவளுடைய இடம் அவளுக்கு வேண்டும். மூன்றே வாக்கியம், எழுத்து எழுத்தாக உருப்போட்டது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் யூன் சொஹீ, பயிற்சி நிலையத்தின் அலுவலகப் பொறுப்பையும் வகுப்பில் மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பார்க்கிறவள், வயிறு மேசை விளிம்பைத் தொட ஆரம்பித்திருந்தது. அவளை இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு வா என்று முதலாளி பெக் அன்பாகச் சொல்லியிருக்கிறார், அன்பாகத்தான் சொல்வார்கள், கோபமாகச் சொன்னால் நமக்கு வேலை சுலபம். இன்று சாப்பாடு முடிந்ததும் பெக் ரயிலேறி சியோல் போகிறார். நாளைக் காலை அங்கே சொஹீயின் இடத்துக்கு வேறொரு பெண்ணைக் கையெழுத்துப் போட வைக்கிறார். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

இதை அவரிடம் கொண்டுவந்தவன் ஓ தெசிக், ஆங்கிலம் சொல்லித்தருகிறவன், பெருந்தீனிக்காரன், இரண்டே தமிழ்ச் சொல் தெரியும், ஒன்று அண்ணே, இன்னொன்று சோறு. ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டோம், நீங்கள்தான் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். நீங்கள் ஏன் பேசவில்லை என்று கேட்டார் தணிகாசலம். "நாங்க பேசினா அதுக்குப் பேரு எதிர்ப்பு, அண்ணே. நீங்க பேசினா பெரியவர் சொன்ன வார்த்தை. பெக்கைவிட நீங்க நாலு வயசு மூத்தவர் இல்லையா?" அவருக்குச் சுருக்கென்றது. என் நியாயத்துக்காக இல்லை, என் நாவன்மைக்காக இல்லை, சிறை சென்ற கணக்குக்காக இல்லை, பெக்குக்கு நாலு வருஷம் முன்னால் என்னை என் தாய் பெற்றுப்போட்டாள் என்பதற்காகவா? முன்னால் பிறந்தவனுக்கு மரியாதை என்றால், உயரப் பிறந்தேன் மரியாதை கொடு என்று கேட்டவனை நான் ஏன் எதிர்த்தேன்? இரண்டிலும் அவனவன் செய்தது என்ன, பிறந்ததைத் தவிர? வந்து இறங்கிய நாளே கேட்டார்கள், எந்த வருஷம் பிறந்தீர்கள். விமானத்தில் வந்த களைப்பு தீரவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை, பிறந்த வருஷம் கேட்கிறான். ஊரில் எந்த ஊர், எந்தத் தெரு, உங்கள் ஆட்கள் யார் என்று கேட்டுக் கேட்டு ஒரு மனிதனை எந்தப் படியில் நிறுத்துவது என்று அளப்பார்களே, அதே அளவுகோல் என்று பட்டது, உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய தமிழ் வகுப்பில் முதல் நாள் மாணவர்கள் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்கள். எல்லாம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகப்போகிற பொறியாளர்கள். குனியாதீர்கள், யாருக்கும் குனியாதீர்கள், என்னைத் தோழர் என்று கூப்பிடுங்கள் என்று அவர் ஒரு முழக்கமே இட்டார். மறுநாள் அத்தனை பேரும் எழுந்து, இடுப்பு வரை குனிந்து, ஒரே குரலில் "தோழர்!" என்றார்கள்.

"சார்." மேசைக்கு எதிரிலிருந்து சொஹீ. அவள் பள்ளிக்கூடம் படித்தது சென்னையில், அப்பா அங்கே வேலை பார்த்தார், தமிழைக் கற்றது கீழ்ப்பாக்கத்து வீட்டுக் கார் டிரைவரிடம். "இன்னா சார், ஸ்பூன எடுங்க சார். அல்லாரும் பசில சாவுறாங்க." நான் எதற்கு, நீங்கள் ஆரம்பியுங்கள் என்று தணிகாசலம் பெருந்தன்மையாகக் கையை வீசினார். "அய்ய, அது இல்ல சார். நீங்க எடுக்காம யாரும் எடுக்க மாட்டாங்க. பெரியவரு மொதல்ல. ரெண்டு வருசமா இங்க இருக்கீங்க, இது தெரியாதா?" தெரியாது. இரண்டு வருஷமாகத் தனி அறையில் ரசமும் அப்பளமும் சமைத்துத் தின்கிறவனுக்கு எப்படித் தெரியும். பயிற்சி நிலையத்து விருந்துக்கு எத்தனையோ முறை கூப்பிட்டார்கள், முதலாளி காசில் சாப்பிடுவதில்லை என்பது அவருடைய கொள்கை, ஒருமுறையும் வந்ததில்லை. அப்படியானால் இந்தக் குழம்பு சுண்டுவது என்னால். இந்தத் தெசிக் எச்சில் விழுங்குவது என்னால். பிள்ளைத்தாய்ச்சி பசியோடு உட்கார்ந்திருப்பது, சே, என்னால். ஆனால் எடுத்தால்? எடுத்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா, ஆமாம், நான் மூத்தவன், எனக்குப் பிறகுதான் நீங்கள் என்று? ஸ்பூன் அவர் முன்னால் காகித உறைக்குள் பாதி தலை நீட்டிக் கிடந்தது. அதைப் பார்த்தார். முப்பது வருஷம் கோவிலில் முதல் மரியாதை வாங்குகிறவர்களைக் கேலி செய்து பேசியிருக்கிறார், அந்தக் கேலிக்கு எழும்பும் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது, பரிவட்டம் கட்டிய தலையை அவர் நடித்துக் காட்டுவார், கூட்டம் புரண்டு புரண்டு சிரிக்கும். இப்போது அந்தக் கூட்டம் அப்படியே இந்தக் கண்ணாடிக்கு வெளியே, குளிரில், லுங்கியும் சட்டையுமாக நின்று உள்ளே பார்ப்பது போலிருந்தது. டேய், தணிகாசலத்துக்குப் பரிவட்டம்டா.

பக்கத்தில் பெக் அசைந்தார். கோட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார், கழுத்துப் பட்டை அவிழ்க்கவில்லை, ரயிலுக்குப் போகிறவருடைய அவசரம் அந்த முடிச்சில் இருந்தது. "தோழர் தணிகாசலம், நீங்கள் தொடங்குங்கள்" என்றார், தமிழில், மேடைத் தமிழில். அந்தத் தமிழ் தன்னுடையதே என்பதை நினைக்கும்போதெல்லாம் தணிகாசலத்துக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வரும். ஒரகடத்தில் ஒரு கொரிய உதிரிபாக ஆலையின் பணியாளர் பிரிவு அதிகாரியாக இந்த மனிதன் இருந்த காலத்தில், வாசலில் பந்தல் போட்டுத் தணிகாசலம் பேசினார், நாள் தவறாமல் பேசினார். உள்ளே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பெக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பேசினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நிற்கும். உங்களிடம்தான் நான் தமிழ் கற்றேன்" என்று, ஓய்வு பெற்றுச் சொந்தப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, தேடிப் பிடித்துத் தொலைபேசியில் சொன்னார். சொந்தச் சங்கம் எடுபடாது என்று ஒதுக்கிய பேச்சை எதிரி ஞாபகம் வைத்திருந்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் விமானம் ஏறினார். இது யாருக்கும் தெரியாது. சுலோச்சனாவுக்குக்கூடச் சம்பளம் நல்ல சம்பளம் என்றுதான் சொன்னார். வந்து பார்த்தால், சங்கத்துப் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர்கூடத் தள்ளாத இதே பெக், வயதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு இரண்டு கையாலும் காபி நீட்டுகிறார். நடிக்கிறாரா என்று எத்தனையோ நாள் உற்றுப் பார்த்தார். நடிப்பு இல்லை. அதுதான் தொல்லை. இந்த மனிதனுக்கு அது எலும்பில் இருக்கிறது.

"அண்ணே," என்றான் தெசிக் பரிதாபமாக, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் திரட்டி, "சோறு." மேசையே சிரித்தது, சொஹீயும் சிரித்தாள், சிரித்தபடி கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். போதும். பரிவட்டமாவது ஒன்றாவது, முதலில் இந்தப் பெண் சாப்பிடட்டும். தணிகாசலம் காகித உறையை உருவிப் போட்டுவிட்டு ஸ்பூனை எடுத்தார். அவ்வளவுதான், எடுத்தது தெரியும், அதற்குள் மேசையைச் சுற்றி அத்தனை மூடிகளும் ஒன்றாகத் திறந்தன, எவர்சில்வர் எவர்சில்வரில் பட்டு மணிபோல் ஒரே ஓசை, அத்தனை கிண்ணத்திலிருந்தும் ஆவி எழும்பி அவர் முகத்துக்கு வந்தது. அம்மாடி. அவருக்கு மயிர் கூச்செறிந்தது. எத்தனை வேலைநிறுத்த அழைப்பு விடுத்திருக்கிறார், எத்தனை துண்டறிக்கை, எத்தனை விடியற்கால வாசற்கூட்டம், என்றைக்காவது ஓர் ஆலையில் ஒருவன் பாக்கியில்லாமல் வெளியே வந்திருக்கிறானா? இங்கே ஒரு ஸ்பூன். பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், பிடித்திருந்தது, நாக்கில் சர்க்கரை வைத்ததுபோல் பிடித்திருந்தது, உடனே பயமும் வந்தது, இந்தச் சுகத்தைத்தான் அந்தப் பரிவட்டக்காரன்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்களா, சும்மாவா விட மறுத்தார்கள், இதை ருசித்தவன் எவன் விடுவான். குழம்பை எடுத்து வாயில் வைத்தார். நெருப்பு. கண்ணில் நீர் முட்டியது. நல்ல காரம், பெரம்பூர்க் கைப்பக்குவம் போல ஒரு காரம்.

இப்போது பேசலாமா? பொறு, பாதி கிண்ணம் போகட்டும். பெக் வேகமாகச் சாப்பிடுகிறார், ரயில். இப்போது. வாக்கியம் எங்கே? முதல் வாக்கியம் போய்விட்டது. இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் கிடக்கிறது. சொஹீயின், சொஹீயின் என்ன? கழுத்தில் வியர்வை. உனக்கு இனிமேல் வராது தணிகாசலம், அந்தப் பயல் சொன்னது சரிதான், உன் காலம் முடிந்தது, உன்னை நம்பி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பார், அவள் மூடியைத் திறந்தாளே தவிரச் சாப்பிடவில்லை, சோற்றைக் குத்திக் குத்திப் பார்க்கிறாள். அந்தக் குத்தலைப் பார்த்ததும் வாக்கியம் தானாக வந்தது. தொண்டையைச் செருமினார். மேசை அடங்கியது, பெரியவர் பேசப்போகிறார் என்றால் வாயிலிருப்பதை விழுங்கிவிட்டுக் கேட்கிறார்கள், இதையும் சொல்லியாக வேண்டும். "சொஹீயின் வேலையை எடுக்காதீர்கள்," என்றார் கொரிய மொழியில். தன் குரலைத் தானே கேட்டார். உச்சரிப்பு மோசம், ஆனால் குரல் அதே குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நின்றது. "அவள் பிள்ளை பெற்றுக்கொண்டு திரும்பி வருவாள். அவளுடைய இடம் அவளுக்கு வேண்டும்." மூன்றும் முடிந்தது. நான்காவதாக ஒன்று, உருப்போடாதது, எங்கிருந்தோ வந்தது: "நீங்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான்." சொஹீ தலையைக் குனிந்துகொண்டாள். பெக் தன் ஸ்பூனைக் கீழே வைத்து, முழங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் பதித்து, மரியாதையாக, மிகுந்த மரியாதையாகத் தலை சாய்த்தார். "பெரியவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்க்கிறேன்."

யோசித்துப் பார்க்கிறேன். ஆகா. உலகமெல்லாம் இதே வாக்கியம்தானா? தொழிலாளர் துறை அலுவலகத்தில், கலெக்டர் அறையில், அமைச்சர் வீட்டு வராந்தாவில், ஆவன செய்கிறேன், பரிசீலிக்கிறேன், யோசித்துப் பார்க்கிறேன். இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எழுந்து போ என்பது. அடித்தால் திருப்பி அடிக்கலாம், திட்டினால் திட்டலாம், தலை சாய்த்தவனை என்ன செய்வது? மரியாதை கொடுத்தே மனிதனை வாசலுக்கு வெளியே தள்ளும் வித்தை இதுதான் போலிருக்கிறது. பறை நின்றுவிட்டது. அவர் எதுவும் தோன்றாமல் சாப்பிட்டார், சோற்றை எடுத்தார், வைத்தார், மென்றார். ஒரகடத்தில் இதே மனிதனுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார், உதடு வெடித்து, காதில் வண்டு ரீங்காரமிட, பந்தலில் படுத்துக் கிடந்தார். உள்ளே இவர் மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டார். நாம் சாப்பிடாமலிருந்தால் இவர்களுக்கு என்ன நட்டம்? பெக்கின் கிண்ணம் காலி. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது, கோட்டுக்குப் போகிறது, பிறகு, இது என்ன, தணிகாசலத்தின் கைக்கு வருகிறது. மறுபடி கடிகாரம். மறுபடி கை. தெசிக்கும் முடித்துவிட்டான், சட்டைப்பையில் சிகரெட் பெட்டியைத் தொடுகிறான், எடுக்காமல் கையை இறக்குகிறான், அவனும் தணிகாசலத்தின் கையைப் பார்க்கிறான். "அண்ணே," என்று கிசுகிசுத்தான், மீதியை ஆங்கிலத்தில், "நீங்க ஸ்பூனைக் கீழ வச்சீங்கன்னா நான் ஓடிப்போய் ஒரு தம் போட்டுட்டு வந்துடுவேன்." ஏன், இப்போதே போயேன். "எப்படிப் போறது? பெரியவர் இன்னும் சாப்பிடுறார்."

பெரியவர் இன்னும் சாப்பிடுகிறார். தணிகாசலம் மெல்லுவதை நிறுத்தினார். அப்படியானால். மேசையைச் சுற்றிப் பார்த்தார், முக்கால்வாசிக் கிண்ணங்கள் காலி, யாரும் கால் மாற்றிக்கூட உட்காரவில்லை. அப்படியானால் நான் முடிக்கிறவரைக்கும். பெக் அந்த நேரத்தில் பாதி எழுந்தார், ஒரு முழங்காலை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், ரயில்" என்று தொடங்கினார். வாசற்பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள், எல்லோரும் சித்தி என்று கூப்பிடுகிற வாயாடி, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "முதலாளி, உங்க ஊர்ல இப்பல்லாம் பெரியவங்க சாப்பிடும்போதே எழுந்திரிக்கிறாங்களா?" ஆசிரியர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த முழங்கால் அங்கேயே ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. பறை! பறை திரும்பி அடித்தது, இரண்டு மடங்காக அடித்தது, காது மடல் வரைக்கும் ரத்தம் ஏறியது. அட பாவிகளா, இத்தனை வருஷம் பட்டினி கிடந்தேனே! தணிகாசலம் தன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டார், ஸ்பூனைக் கையை விட்டு இறக்காமல், நிமிர்ந்து, கணீரென்று, கொரிய மொழியில் கேட்டார்: "சித்தி, இன்னொரு சோறு."

சோறு வந்தது. மூடியைத் திறந்தார், ஆற அமரத் திறந்தார். ஒரு துணுக்கு நண்டுச் சதை, நாலு பருக்கை சோறு, இருபது மெல்லல். காரம், வேர்வை, தரைச் சூடு, இடுப்பு வலி, எல்லாம் திருவிழாவாக இருந்தது. பெக் கடிகாரத்தைப் பார்த்தார். தணிகாசலம் நண்டுக் காலை ஒடித்தார். சர்க்கரை நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சோற்று அளவு ஞாபகம் வந்தது, சுலோச்சனா கேட்டால் கொன்றுவிடுவாள், போகட்டும், போராட்டத்தில் ஒரு சேதமும் இல்லாமல் முடியுமா. ஆனால் நடுவில் ஒரு முள். இது என்ன போராட்டம்? முன்னால் பிறந்தவனுக்கு மரியாதை என்ற அதே கதவைப் பிடித்துக்கொண்டுதானே தொங்குகிறேன், அந்தக் கதவை உடைக்க வந்தவன் அதற்கே தாழ்ப்பாள் போடுகிறேனா? யாராவது துண்டுப் பிரசுரத்தில் இதை எழுதியிருக்கிறார்களா? ஒருவரும் எழுதவில்லை. மென்றார். எதிரியின் ஆலையில் எதிரியின் இயந்திரத்தைத்தானே நிறுத்துகிறோம், நம் வீட்டிலிருந்தா இயந்திரம் கொண்டு போகிறோம்? கொஞ்சம் சரியாகத்தான் இருக்கிறது. முழுக்கச் சரியில்லை. இருக்கட்டும், நாளைக்கு அதற்கும் பதில் சொல்கிறேன், முதலில் இந்த மீன் தலை. மூன்றாவது சோறு கேட்டபோது தெசிக் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "சார்," என்றாள் சொஹீ, குரல் உடைந்து, "போதும் சார், ஒடம்புக்கு ஆவாது." பெக்குக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எப்போது என்று தணிகாசலத்துக்குத் தெரியும், அந்த முகத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கு எதிரில் வைத்து மாதக்கணக்கில் படித்தவர், இடது புருவம் ஒரு நூல் ஏறும். ஏறியது.

"தோழர்," என்றார் பெக் தமிழில், தணிந்து, "ஒரகடத்தில் நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்கள்."

"அங்கே நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை," என்றார் தணிகாசலம். "இங்கே பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும்."

"ரயில் போய்விடும்."

"எனக்கு இன்னும் பசிக்கிறது."

பெக் சுவரில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். கடைக்கார அம்மாள் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு பெக் கழுத்துப் பட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்துத் தளர்த்தினார், பெருமூச்சு விட்டார், "மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிக ஆள். பிறகு இடம் அவளுக்கு. உங்களுக்குச் சம்மதமா?" என்றார். என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள், அவளிடம் சொல்லுங்கள், தமிழில் வேண்டாம், எல்லோருக்கும் புரிகிறபடி சொல்லுங்கள், என்றார் தணிகாசலம், வாயில் சோற்றோடு. பேரம் என்றால் அவருக்கு நிதானம் தானாக வந்துவிடும். மூன்று மாதம் போதாது, பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள், ஆறு என்று சேர்த்துக்கொண்டார், ஸ்பூனைச் சோற்றுக்குள் இறக்கினார். பெக் அந்த ஸ்பூனைப் பார்த்தார். திரும்பி, எல்லோரையும் பார்த்து, கொரிய மொழியில், சொஹீயின் பெயரைச் சொல்லி, ஆறு மாதம், உன் இடம் உனக்கே, இன்று சொன்னேன், இத்தனை பேர் கேட்டார்கள், என்று சொன்னார். சித்தியும் கேட்டாள், கேட்டேன் கேட்டேன் என்று வாசலிலிருந்து சாட்சி சொன்னாள். தெசிக் மேசையை ஓங்கித் தட்டினான், கிண்ணங்கள் துள்ளின.

முடிந்தது. ஜெயித்தாயிற்று. கைதட்டல் இல்லை, மாலை இல்லை, மறுநாள் பேப்பரில் வராது, ஊரில் சங்கத்துப் பயல்களுக்குத் தெரியப்போவதில்லை, தெரிந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வயிறு தொண்டை வரை வந்து நின்றது. மூச்சு விட்டால் நண்டு வெளியே வரும் போலிருந்தது. பெக் கோட்டை எட்டி எடுத்தார், அடுத்த ரயிலையாவது பிடிக்கலாம். தெசிக் சிகரெட்டைக் கையிலேயே எடுத்துவிட்டான். மற்றவர்கள் மரத்துப்போன கால்களை மேசைக்கு அடியில் ரகசியமாக நீட்டிப் பார்த்தார்கள். எல்லோருடைய கண்ணும் அவர் கையில் இருந்தது. வைத்துவிடலாம். ஸ்பூனை இறக்கப் போனவர் எதிரே பார்த்தார். சொஹீ அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, குழந்தையைப்போல் கன்னம் புடைக்க, பெரிய பெரிய வாயாக, அவசரம் அவசரமாகச் சாப்பிட்டாள். கிண்ணத்தில் ஒரு மூலைதான் குறைந்திருந்தது. பெரியவரின் கை நிற்பதைக் கண்டதும் அவள் திடுக்கிட்டுத் தன் ஸ்பூனையும் பாதியில் நிறுத்தினாள், எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அவளும் எழ வேண்டும். தணிகாசலம் ஸ்பூனை வைக்கவில்லை. கிண்ணத்தின் ஓரத்திலிருந்து ஐந்தாறு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார், உலகத்திலேயே மெதுவாக மென்றார்.

"நீ நிதானமா சாப்பிடும்மா," என்றார், "நான் இன்னும் முடிக்கல."